நன்மொழியும் நாணயமும்
சிறு சங்கங்களுக்கும் சிறு தொழிலினருக்கும் சில யோசனைகள்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று கேட்பது நம்மவர் வழக்கம். பூவின் மணம் தெருக்கோடி வரையில் தானே சென்று வாங்குவோரை அழைத்து வருமாதலால், பூக்கடையைப் பொறுத்த வரையில் அது உண்மையே. ஆனால் தறியில் நெய்து இறக்கிய போர்வையும், களத்தில் உலர்த்திய மஞ்சளும் தெருக்கோடியில் விற்பனையாகிறவை அல்ல. நெய்தவர் ஓர் ஊரில் இருக்கிறார். வாங்கிப் போர்த்துக்கொள்பவர் வேறோர் ஊரில் இருக்கிறார். இருவருக்குமிடையே சங்கம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை எனப் பல கைகள் உள்ளன. சரக்கு அத்தனை கைகளையும் கடந்து சென்றுவிடுகிறது. சரக்கைப் பற்றிய சொல்லோ பெரும்பாலும் முதற்கையிலேயே நின்றுவிடுகிறது. நம் சங்கங்களுக்கு நேரும் நஷ்டங்களில் பல இவ்விடத்திலேயே தொடங்குகின்றன.

இதனை நான் ஏட்டில் படித்து அறிந்தேனல்லேன். ஒரு சிறு நெசவாளர் சங்கத்தில் காரியதரிசியாக இருந்த காலத்தில், என் பிழையினாலேயே கற்றுக்கொண்டேன். அவ்வாண்டு கோடையில் தண்ணீர்ப் பஞ்சம். கருநீலச் சாயமிட்ட நூலைச் சோப்பு நீரில் கொதிக்க வைத்துப் பலமுறை அலசினால்தான் ஒட்டாத சாயம் நீங்கும். தண்ணீர் போதாமையால் அலசுதல் குறைந்துவிட்டது. எங்கள் சாயக்காரர் முதியவர், அநுபவசாலி. “முதல் இரண்டு சலவைக்கு இதைத் தனியாக நனைக்கும்படி கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், ஐயா” என்று என்னிடம் கூறினார். சொன்னால் கடைக்காரர் சரக்கை எடுக்கமாட்டார் என்று அஞ்சி நான் சொல்லாமல் அனுப்பினேன்.

ஒரு மாதத்திற்குப் பின் கடையிலிருந்து கடிதம் வந்தது. போர்வையின் சாயம் வெள்ளைத் துணிகளில் ஏறிவிட்டதென்று பலர் முறையிட்டிருந்தனர். தகுந்த சமாதானம் தேடிக்கொண்டிருந்த நான் மூன்று வாரம் பதில் எழுதவில்லை. பின்னர் நேரில் சென்றபோது கடை முதலாளி சொன்ன வார்த்தை இன்றும் என் செவியில் ஒலிக்கிறது: “சாயம் போனதற்காக நான் கோபிக்கவில்லை, அது எந்தத் தறியிலும் நேரக்கூடியதே. மூன்று வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி பதில் இல்லையே. என்னிடம் வந்து கேட்டவர்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?” அத்துடன் அக்கடையின் ஆர்டர் நின்றது. அவ்வாண்டு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் சங்கத்தில் 14 தறிகள் வேலையின்றி நின்றன. சாயம் போனது சாயச்சாலையின் குறை. தறிகள் நின்றது என் நாவின் குறை.

சொன்னதும் சொல்லாததும்

இதற்கு நேர்மாறான வரலாறு ஒன்றும் நம் சென்னைத் துணியைக் குறித்தே உலகெங்கும் வழங்குகிறது. 1958-ஆம் ஆண்டில் வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க ஜவுளி இறக்குமதியாளர், பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களை நிறுவிய சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து பல வண்ணக் கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணியை வாங்கினார். இத்துணியின் சாயம் சலவையில் சற்றே கரையும் இயல்புடையது. குளிர்ந்த நீரில் மென்மையாகவும் தனியாகவும் அலச வேண்டும் என்று அவருக்கு எச்சரிக்கை தரப்பட்டதாம். அவ்வெச்சரிக்கை, துணியை வாங்கி ஆடைகளாகத் தைத்து விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற புகழ்பெற்ற கடைக்கும், அங்கு வாங்கியவர்களுக்கும் போய்ச் சேரவில்லை. ஆடைகள் சாயம் விட்டன, புகார்கள் குவிந்தன, வழக்குத் தொடுக்கும் பேச்சும் எழுந்தது.

பின்னர் நடந்ததுதான் வியப்பு. ஒரு சலவையில் ஒரு தோற்றமும் மறு சலவையில் வேறொரு தோற்றமும் காட்டுவது கையால் சாயமிட்டுக் கையால் நெய்த துணியின் தனி இயல்பு என்று அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் வாயிலாக மக்களுக்கு விளக்கப்பட்டது. ‘சாயம் கரையும், அதற்கு உத்தரவாதம் உண்டு’ என்ற பொருள்பட விளம்பரங்களும் வந்தன. மக்கள் அத்துணியைத் தேடி வாங்கத் தலைப்பட்டனர். துணி அதேதான், சாயமும் அதேதான். முன்னர்ச் சொல்லாமல் விட்டதைப் பின்னர்ச் சொன்னார்கள், அவ்வளவே வேற்றுமை.

எனினும் இதனைத் தவறாகப் பொருள் கொள்ளலாகாது. குறையை நிறையென்று பேசிச் சமாளிக்கலாம் என்பதன்று இதன் படிப்பினை. பொருளின் இயல்பு வேறு, செய்கையில் நேர்ந்த பிழை வேறு. இயற்கைச் சாயம் சிறிது கரைவது இயல்பு. அதனை விளக்கிச் சொல்லுதல் தகும். தண்ணீர் போதாமல் அலசாது விட்டது பிழை. அதனை ஒப்புக்கொண்டு திருத்துதலே தகும். இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு: வாங்குபவர் தாமே கண்டுபிடிப்பதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும்.

பொதுஜனத் தொடர்பு யாது?

பொதுஜனத் தொடர்பு என்றவுடன் பெரிய கம்பெனிகளும் குளிரூட்டிய அறைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது மிக எளியது. நம்மைச் சார்ந்து நிற்பவர்களுக்கும், நாம் சார்ந்து நிற்பவர்களுக்கும், அவர்கள் அறிய வேண்டுவதை உரிய காலத்தில், விளங்கும் மொழியில், உண்மையாகச் சொல்லுதலும், அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தலுமே அது. விளம்பரம் பணம் கொடுத்துப் பெறுவது. நன்மதிப்போ நடத்தையினாலும் சொல்லினாலும் வருவது.

கூட்டுறவாளருக்கு இது புதிதுமன்று. 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராக்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 பேர் ஒரு சிறு கடை திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவர்த்தியுமே அவர்களுடைய சரக்கு. கலப்படமும் எடைக் குறைவும் மலிந்திருந்த அக்காலத்தில், கலப்பில்லாத பொருள், குறைவில்லாத எடை என்ற வாக்கே அக்கடையின் மூலதனமாயிற்று. அனைத்துலகக் கூட்டுறவுக் கூட்டிணைப்பு 1995-ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்ட ஏழு கொள்கைகளில் ஐந்தாவது, கல்வி, பயிற்சி, தகவல் ஆகியவற்றைப் பற்றியது. கூட்டுறவின் தன்மையையும் நன்மைகளையும் பொதுமக்களுக்கு எடுத்துரைப்பதும் அக்கொள்கையின் ஒரு பகுதியாகும். ஆகவே, நம் பணியைப் பற்றிப் பிறருக்குச் சொல்லுதல் தற்புகழ்ச்சி அன்று, கடமையே.

இனி, பொருட்செலவு அதிகமின்றிச் செய்யத்தக்க சில காரியங்களைப் பார்ப்போம்.

முதலில் வீட்டுக்குள்

சங்கத்தைப் பற்றி ஊரார் அறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கத்தினர் வாயிலாகவே. கூலி உயர்வு, போனஸ், நூல் வரத்து, கொள்முதல் விலை ஆகிய எதுவாயினும், அங்கத்தினர் அதனைத் தேநீர்க் கடையில் கேட்டறியும் நிலை வரக்கூடாது. நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் செய்த மறுநாளே, அதன் சாரத்தை ஐந்தாறு வரிகளில் எழுதிச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுதல் வேண்டும். கைப்பேசிக் குழு இருப்பின் அவ்வரிகளையே அதிலும் இடலாம். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவர்களுக்காக, கூலி வாங்கும் நாளில் ஒருவர் அதனை உரக்கப் படித்துக் காட்டுதல் நலம். தகவல் இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். ஒருமுறை குடியேறிய வதந்தியை வெளியேற்றுவது எளிதன்று.

ஒரே வாக்கியத்தில் நாம் யார்?

‘உங்கள் சங்கம் என்ன செய்கிறது?’ என்று வெளியூரார் வினவினால், தலைவர் ஒருவிதமாகவும் காரியதரிசி வேறுவிதமாகவும் விடை சொல்லுகின்றனர். இதனைத் தவிர்க்க, நாம் யார், என்ன செய்கிறோம், நம் சரக்கின் தனிச்சிறப்பு யாது என்ற மூன்றையும் அடக்கி ஒரே வாக்கியம் எழுதிக்கொள்ள வேண்டும். ‘தரமான துணிகளைத் தயாரிக்கும் முன்னணிச் சங்கம்’ என்பது போன்ற வாக்கியம் பயன்படாது. அதனை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். ‘நாங்கள் 60 குடும்பத்தினர், இரட்டை நூல் போர்வை மட்டுமே நெய்கிறோம், கிழிந்தால் ஓராண்டுக்குள் மாற்றித் தருகிறோம்’ என்பது போன்ற வாக்கியமே மனத்தில் நிற்கும். அவ்வாக்கியத்தையே ரசீதிலும், பையிலும், பெயர்ப்பலகையிலும் அச்சிடலாம். பிறர் எளிதில் சொல்ல முடியாததைச் சொல்லுவதே அறிமுகம்.

சீட்டு பேசட்டும்

சரக்குடன் இறுதி வரையில் பயணம் செய்வது அதில் கட்டிய சீட்டு ஒன்றே. கடைக்காரர் மறக்கலாம், விற்பனையாளர் மாறலாம், சீட்டு மாறாது. துணியாயின், எந்த நூல், எந்த ஊர், எத்தகைய சாயம், எங்ஙனம் சலவை செய்வது என்ற நான்கும் அதில் இடம்பெற வேண்டும். கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் தன் சேலைகள் சிலவற்றில் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையை இணைத்து விற்றதை அன்பர்கள் அறிவர். நெய்த கை இன்னாருடையது என்று தெரிந்தால், அப்பொருளை வாங்குபவர் அதன் விலையையும் வேறு கண்ணோடு பார்ப்பார்.

மஞ்சள், வெல்லம், பருப்பு முதலியவற்றைப் பொட்டலமிட்டு விற்கும் சங்கங்கள், தயாரித்தவர் அல்லது பொட்டலமிட்டவரின் பெயர், முகவரி, நிகர எடை, மாதமும் ஆண்டும், அதிகபட்ச சில்லறை விலை, குறைகளைத் தெரிவிக்கவேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை அச்சிடுதல் சட்டப்படியே கட்டாயம். இதனை ஒரு தொல்லையாகக் கருதாமல், வாங்குபவருடன் பேசக் கிடைத்த வாய்ப்பாகக் கருத வேண்டும். அந்தத் தொலைபேசி எண்ணை ஒருவர் அழைத்தால் மறுமுனையில் எடுப்பதற்கு ஆள் இருக்கவேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை.

கடிதமும் தொலைபேசியும்

வந்த கடிதத்துக்கு அன்றே, இயலாவிடின் மறுநாளே, பதில் போதல் வேண்டும். முழு விவரம் கைவசம் இல்லையெனில், ‘தங்கள் கடிதம் கிடைத்தது, விசாரித்து வெள்ளிக்கிழமைக்குள் எழுதுகிறோம்’ என்ற இரண்டு வரியே போதும். அந்த இரண்டு வரியை நான் எழுதியிருந்தால் 14 தறிகள் நின்றிரா. கடிதத்துக்குக் கூறியது கைப்பேசிச் செய்திக்கும் பொருந்தும்.

சரக்கு தாமதமாகும்போது எழுதவேண்டிய கடிதத்துக்கு மாதிரி ஒன்று கீழே தருகிறேன்:

“ஐயா, வணக்கம். தாங்கள் கேட்டிருந்த 200 போர்வைகளில் 140 இன்று லாரியில் அனுப்பியுள்ளோம். தொடர்மழையால் பாவு உலரவில்லையாதலின், எஞ்சிய 60 போர்வைகளை இம்மாதம் 25-ஆம் தேதியன்றுதான் அனுப்ப இயலும். அதுவரை பொறுத்திருக்க இயலாதாயின், 60-க்குரிய தொகையைத் திருப்பி அனுப்பவோ, கைவசமுள்ள வேறு நிறப் போர்வைகளை உடனே அனுப்பவோ சித்தமாயிருக்கிறோம். தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம். தாமதத்துக்கு வருந்துகிறோம்.”

இதில் நான்கு அம்சங்கள் உள்ளதைக் கவனிக்க. நடந்தது என்ன, காரணம் என்ன, எப்பொழுது சரியாகும், அதுவரை அவர் செய்யக்கூடியது என்ன என்பனவே அவை. நீண்ட சமாதானங்களும், பிறர் மேல் பழி போடுதலும் இதில் இல்லை. தவணை வாக்களிக்கும்போது, 20-ஆம் தேதி முடியும் என்று தோன்றினால் 25 என்று சொல்லுவதே விவேகம். சொன்ன நாளுக்கு முன் வந்த சரக்கைக் குறித்து எவரும் குறை கூறியதில்லை.

பத்திரிகையாளரை அணுகும் முறை

செய்தித்தாளில் நம் சங்கத்தின் பெயர் வரவேண்டுமென்று பலரும் விரும்புகின்றனர். ஆனால் பத்திரிகை நடத்துவோர் தேடுவது செய்தியை. நம் புகழ்ச்சியை அன்று. ‘மகாசபைக் கூட்டம் சிறப்பாக நடைபெற்றது’ என்பது நமக்கு மகிழ்ச்சி, படிப்பவருக்குச் செய்தியன்று. ‘இவ்வூரில் வழக்கொழிந்துபோன பழைய கரை ஒன்றை நம் நெசவாளர் மீண்டும் நெய்யத் தொடங்கியுள்ளனர்’ என்பது செய்தி. ‘மஞ்சளை வேகவைக்கும் புதிய கொப்பரையை வரும் திங்கட்கிழமை விவசாயிகள் நேரில் பார்க்கலாம்’ என்பதும் செய்தியே.

அனுப்பும் குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டலாகாது. யார், என்ன, எங்கே, எப்பொழுது, எதனால் என்ற ஐந்து வினாக்களுக்கும் முதற்பத்தியிலேயே விடை இருத்தல் வேண்டும். ஏனெனில் இடம் போதாதபோது ஆசிரியர் கீழிருந்துதான் வெட்டுவார். பெயர்களின் எழுத்தையும் எண்களையும் இருமுறை சரிபார்க்க வேண்டும். தெளிவான ஒரு படமும், படத்தில் இருப்பவர் யார் யார் என்ற குறிப்பும் இணைத்தல் நலம். பொன்னாடை போர்த்தும் படத்தைவிடத் தறியில் வேலை நடக்கும் படமே அச்சேறும். விளக்கம் கேட்டு நிருபர் அழைத்தால் பேசுவதற்கு ஒருவரை முன்னதாகவே நியமித்திருக்க வேண்டும். விடை தெரியாத வினா வந்தால், ‘விசாரித்துச் சொல்லுகிறேன்’ என்று கூறி, அங்ஙனமே விசாரித்துச் சொல்லுதல் வேண்டும். ஊகத்தில் சொன்ன ஒரு வார்த்தை மறுநாள் தலைப்பாக வருவதுண்டு.

குறை கூறுவோரும் நம் நண்பரே

குறையுடன் திரும்பி வருபவர் நம்மைக் கைவிடாதவர். கைவிட்டவரோ ஒன்றும் சொல்லாமல் அடுத்த கடைக்குச் சென்றுவிடுகிறார். ஆதலால் குறை கூறுபவரை முழுதும் பேச விடுதல் முதற்கடமை. பின்னர், அவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்க வேண்டும். மூன்றாவதாக, செய்யப்போவதையும் அதற்குரிய நாளையும் கூற வேண்டும். இறுதியில், செய்து முடித்தபின் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். நான்காவது படியைத்தான் நம்மில் பலர் மறந்துவிடுகிறோம்.

சங்கத்தில் ஒரு தனி நோட்டு வைத்து, குறை, தேதி, செய்த பரிகாரம் ஆகியவற்றை எழுதி வருதல் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்நோட்டைப் புரட்டினால், ஒரே குறை மீண்டும் மீண்டும் வருவது புலப்படும். அது விற்பனையாளர் திருத்தவேண்டிய குறையன்று. தறியிலோ சாயச்சாலையிலோ களத்திலோ திருத்தவேண்டியதாகும். பொதுஜனத் தொடர்பு செவியிலிருந்து தொடங்குகிறது என்பதற்கு அந்நோட்டே சாட்சி.

சொல்லுக்கும் ஓர் எல்லை உண்டு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்றும், கலப்பு நூலைச் சுத்தப் பட்டு என்றும் சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவது மட்டுமன்று. பக்கத்துத் தெருவில் உண்மையாகவே கையால் நெய்பவரின் சோற்றைப் பறிப்பதுமாகும். பட்டுக்குரிய சில்க் மார்க் முத்திரை 2004-ஆம் ஆண்டிலும், கைத்தறி முத்திரை 2006-ஆம் ஆண்டிலும் நடைமுறைக்கு வந்தது இது பற்றியே. காஞ்சிபுரம் பட்டு, பவானி ஜமக்காளம், ஈரோடு மஞ்சள் முதலியவை புவிசார் குறியீடு பெற்றவை. அப்பெயர்களை வேறிடத்துச் சரக்குக்குச் சூட்டுதல் குற்றம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் திசைதிருப்பும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரையில் தண்டத்தொகை விதிக்க இடமளிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சுவது ஒருபுறமிருக்க, முத்திரைக்கும் குறியீட்டுக்கும் உரிமையுள்ள சங்கங்கள் அவற்றை முறைப்படி பெற்று, சரக்கில் தெளிவாகக் காட்டி, அதன் பொருளை வாங்குபவருக்கு விளக்குதலும் நம் பணியே. முத்திரையின் பொருள் தெரியாதவர்க்கு அது வெறும் படம்.

தொடக்கம் எங்கே?

இவை யாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட இயலாது, செய்யவும் வேண்டா. முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையைத் துடைத்து, பழைய தாள்களை நீக்கி, இன்றைய செய்தியை எழுதுவோம். இரண்டாம் வாரத்தில் பதில் எழுதாமல் கிடக்கும் கடிதங்களுக்கெல்லாம் விடை எழுதுவோம். மூன்றாம் வாரத்தில் நிர்வாகக் குழு கூடி அந்த ஒரே வாக்கியத்தை வகுத்துக்கொள்ளட்டும். நான்காம் வாரத்தில் சரக்குச் சீட்டைத் திருத்தி அச்சுக்குக் கொடுப்போம். ஒரு நோட்டு, சில தாள்கள், சிறிது அச்சுக் கூலி; இவற்றுக்கு மேல் செலவில்லை.

எங்கள் சங்கத்திலும் அங்ஙனமே தொடங்கினோம். மறு ஆண்டு கருநீலப் போர்வைகளை அனுப்பியபோது, ‘முதல் இரண்டு சலவைக்குத் தனியே நனைக்கவும்’ என்று ஒவ்வொன்றிலும் சீட்டுக் கட்டினோம். அதன் படி ஒன்றை, மன்னிப்புக் கடிதத்துடன், முன்பு ஆர்டரை நிறுத்திய கடை முதலாளிக்கும் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து அவரிடமிருந்து 50 போர்வைக்கு ஆர்டர் வந்தது. முன்பு அவர் எடுத்துவந்த அளவுடன் ஒப்பிட்டால் அது சிறிதே. ஆயினும் அன்று மாலை அக்கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் முதலில் சென்றது சாயக்காரரிடந்தான். அவர் அதனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “சீட்டில் எழுதினீர்களே, அது நான் சொன்ன வார்த்தைதானே?” என்றார்.

ஆம், அவர் சொன்ன வார்த்தைதான். செய்பவருக்குத் தெரிந்த உண்மையை வாங்குபவரிடம் சிதையாமல் சேர்ப்பதே நம்போன்ற காரியதரிசிகளின் வேலை. அதற்குப் பொதுஜனத் தொடர்பு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நம் முன்னோர் அதனை நாணயம் என்றே வழங்கினர்.